எடைச் சீட்டு

அஸ்தம்பட்டியில் எக்ஸ்ரே சென்டருக்கு மேல்மாடி.
புதன்கிழமை, மாலை ஆறு.
எட்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒன்றுக்குக் கால் ஆட்டம்.
கடைசியாக வருகிறவருக்கு அது.
பெரும்பாலும் எனக்கு.

ஆத்தூர் ரோட்டில் எடைமேடையில் வேலை.
கிழங்கு லாரி வரும், ஏற்றி எழுதுவேன்.
ஆலையில் கொட்டிவிட்டு வரும், வெறும் வண்டியை எழுதுவேன்.
கழித்துச் சீட்டுக் கிழிப்பேன்.
பதினாறு வருஷத்தில் ஒரு கிலோ பிசகியதில்லை.
போன சித்திரையில் ஒரு டிரைவர்
"சீக்கிரம் போடும்மா" என்றார்.
சொன்னது அவ்வளவுதான்.
கால்குலேட்டர் அவர் கண்ணாடியில் போய் விழுந்தது.
முதலாளி சொன்னார்:
வேலை சுத்தம், கைதான்... போய்க் காட்டிட்டு வா.

காட்ட வந்தேன். ஊசி இல்லை, மாத்திரை இல்லை.
ஒரு தாள் கொடுத்தார்கள்.

இப்ப என்ன தோணுது, என்று ஹெப்சிபா மேடம் கேட்பார்.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு மெருகு போடும் சென்றாயன்
"ஒண்ணுமில்லீங்க" என்பார்.
மூன்று வாரம் ஒண்ணுமில்லை.
நாலாவது வாரம் தாளில் இருந்த முப்பத்திரண்டு சொல்லையும்
மளிகைச் சிட்டை மாதிரி வாய்விட்டுப் படித்தார்
எரிச்சல், ஏக்கம், பொறாமை, சலிப்பு
வெட்கம்
நின்றுவிட்டார்.
மின்விசிறி மட்டும் கடகடத்தது.
"இது இருக்குங்க."
யாரும் கை தட்டவில்லை. தட்டக் கூடாதென்று விதி.

இன்னொரு புதன், ஐஸ்கட்டி.
கத்தத் தோன்றினால் உள்ளங்கையில் வைத்து மூட வேண்டுமாம்.
ஸ்டீல் பிளான்ட்டில் ஓய்வு பெற்ற ஜெயசீலன் சார்
"உலை முன்னால நின்னவன் நான், இதுக்கா" என்று சிரித்தார்.
பத்தாவது நொடியில் உதறினார்.
நுஸ்ரத் கடைசித் துளிவரை பிடித்திருந்தாள்.
தண்ணீர் மணிக்கட்டில் இறங்கி
வளையலைத் தாண்டி
முழங்கையில் சொட்டியது.
அவளிடம் அன்று நான் எதுவும் கேட்கவில்லை.

நடந்தது ஒரு கட்டத்தில்,
நாமாக நினைத்தது இன்னொரு கட்டத்தில்.
எனக்குத் தெரிந்த கணக்கு.
நடந்தது: அக்கா பூங்காவனம் தன் மகள் கல்யாணப் பத்திரிகையைத்
தபாலில் அனுப்பினாள், ஏற்காட்டிலிருந்து.
நினைத்தது: ஒரு பக்கம் நிறைந்து
தாளின் பின்புறமும் போய்
ஓரத்தில் குறுக்காக.
அதைக் கழித்தேன்.
ஐந்து ரூபாய் ஸ்டாம்பு மிஞ்சியது.
அதற்கு ஆறு வருஷம்.
"ஆனாலும்" என்றேன்.
"அதையும் எழுதுங்க" என்றார் மேடம்.

அப்புறம் பேசிப் பழகுவது. நுஸ்ரத்தான் அக்கா.
'நீ மட்டும்' என்று ஆரம்பிக்கக் கூடாது.
'என் தப்புதான்' என்றும் கூடாது.
வேண்டியதை வேண்டும் என்று கேட்க வேண்டும்.
இவை இரண்டையும் எடுத்துவிட்டால்
எனக்குத் தமிழே மிச்சமில்லை.
நாலு தடவை வாயைத் திறந்து மூடினேன்.
நுஸ்ரத் மூக்கை உறிஞ்சினாள்,
அச்சு அசலாக அக்கா மாதிரி.
யார் சொல்லிக்கொடுத்தார்கள் அவளுக்கு?

கீழே இறங்கினால் தட்டுவடை செட்டு, நன்னாரி சர்பத்.
வடக்கே மலை கறுத்துக் கிடந்தது.
வளைவுக்கு வளைவு ஒரு வண்டி வெளிச்சம்
தெரிந்து, ஒளிந்து, தெரிந்து.
நம்பர் இன்னும் விரலுக்குத் தெரிந்திருந்தது.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?"

எனக்கு வந்தது. எறியத் தோதாகக் கையில் டம்ளர்.
படித்த படிகள் ஒன்றுகூட ஞாபகமில்லை.
சர்பத்துக்குள் விரலைவிட்டு
ஐஸைத் துழாவி எடுத்து மூடிக்கொண்டேன்.
"ஒரு நிமிஷம் இருக்கா" என்றேன்.

கடைக்காரர் என் கையைப் பார்க்கிறார்.
முழங்கைவரை சர்க்கரைப் பிசுபிசுப்பு, எறும்பு வரும்.
அந்தப் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம்.
இன்னும் வைக்கவில்லை அவள்.